ஷீட்

எங்கள் வீட்டில் ஷீட் என்றால் ரப்பர்.
கொடியில் தொங்கும், புளித்து நாறும்,
விலை இறங்கினால் அம்மா பேசமாட்டாள்.

கோணம் பட்டறையில் அது தகடு. இருபத்திரண்டு கேஜ்.
விளிம்பு முதல் நாளே
என் கட்டைவிரலை ருசி பார்த்தது.

மடிப்புக்கு ஆறு மில்லி விட மறந்து வெட்டினேன்.
முழுத் தகடும் பாழ்.
பினோ அதில் சாக்பீஸால்
'ஷைஜி எஞ்சினியர்' என்று எழுதினான்.

உதவித்தொகை விழுந்த அன்று
குலசேகரம் பஸ்ஸில் நாலு தரம்
மெசேஜைத் திறந்து பார்த்தேன்.

மழை. பால்வெட்டு இல்லை.
ஓடும் ஆஸ்பெஸ்டாஸும் சேரும் இடத்தில் ஒழுக,
அப்பா வாளியை நகர்த்திக்கொண்டிருந்தார்.
எடைக்குப் போகவிருந்த என் தகட்டைக்
கேட்டு வாங்கி மடித்திருந்தேன்,
கோணலாய் ஒரு பாத்தி.
இடுக்கில் செருகினேன்.

எஞ்சினியர் முதலில் கரைந்தார்.
பிறகு தண்ணீர், சற்று யோசித்துவிட்டு,
நான் சொன்ன பக்கம் போனது.