ஒன்றரை அடி

மூக்கையூர் கோயில் திருவிழா.
ஐஸ் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை: அதுதான் மேடை.
கீபோர்டு கஸ்பாருக்கு லைட்.
பாடகி மெல்வினாவுக்கு ஃபேன்.
பேஸ் கிடாருக்கு
டிரம்முக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே
ஒன்றரை அடி.

ஃபாதர் பேசும்போது சுருதி சேர்க்கக் கூடாது.
போன வருஷம் சேர்த்தேன்,
மைக்கிலேயே முறைத்தார்.

இரண்டாம் சரணத்தை மெல்வினா மறந்துவிட்டாள்.
திரும்பிப் பார்த்தாள்.
நான் உதட்டைப் பிதுக்கவில்லை.
அவள் ஏறும்வரை
இடுப்பளவுத் தண்ணீரில்
வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மாதிரி
ஒரே சுரத்தில் நின்றேன்.
ஏறினாள்.
கைதட்டல், விசில், அவளுக்கு.

மேடை ஓரத்துப் பெட்டியில்
ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த பொடியன் கேட்டான்:
"ஒங்க கிடாரு கேக்கவே இல்லையேண்ணே?"

"குண்டி அதிர்ந்துச்சா?"

யோசித்தான்.
"ஆமா..."

நான் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.