உள் ஓடு

புந்தா அரேனாஸில் காற்று முற்றிய நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் யாரும்:
வங்கி மேலாளர், பள்ளிப் பிள்ளைகள், பாதிரியார்.
எதுவினா மில்லலோங்கோ கயிற்றை விட்டாள்,
தொப்பி பறந்ததால்.

தொப்பி ஜலசந்தியைத் தாண்டியிருக்கும்.
அவள் நடைபாதையில் கை ஊன்றினாள்.
மணிக்கட்டு,
காய்ந்த சுள்ளி.

அறுபத்தொன்றில் இவ்வளவு சுலபமாக முறியக் கூடாது என்று
மருத்துவர் என் அறைக்கு அனுப்பிவைத்தார்.
நான் யெர்கோ. எலும்பின் அடர்த்தி அளப்பவன்.
நாளுக்கு ஒன்பது மணி நேரம்
நாற்காலியில் உட்கார்ந்து
மற்றவர்களை நடக்கச் சொல்கிறவன்.

"காலணியைக் கழற்றுங்கள். அசையாமல் படுங்கள்."
மேசை முழுக்க நண்டு வாசம்.
முப்பத்திரண்டு வருஷமாக ஆலையில்
சென்டோயா நண்டின் காலை உடைத்துச் சதை எடுப்பவள்.
இயந்திரத்தின் கை இடுப்புக்கு மேலே ஊர்ந்தபோது
உடம்பு அசையவில்லை.
நாக்குக்குத்தான் எலும்பில்லையே.

"ஒரு கிலோ நண்டுக்குக் கால் கிலோ சதை தேறும்,
மிச்சமெல்லாம் ஓடும் கழிவும்.
என்னில் எவ்வளவு ஓடு, சொல்லு?"
ஏழில் ஒரு பங்கு இருக்கும், தோராயமாக.
"கஞ்சத்தனம். அதையும் உள்ளே கொண்டுபோய் ஒளித்திருக்கிறான்.
வெளியே இருந்திருந்தால்
தினமும் துடைத்துவைத்திருப்பேன்."

திரையில் எழுந்தது தொடையெலும்பின் கழுத்து,
இருநூற்றாறு எலும்புகளில்
நான் அதிகம் பார்க்கும் இடம்.
சாம்பல் பனிமூட்டத்தில் ஒரு வளைவு.
இருக்க வேண்டிய வெள்ளை இல்லை.
மைனஸ் இரண்டு புள்ளி ஏழு.

எப்படிச் சொல்வது?
எலும்பு கல் இல்லை, எதுவினா. உங்கள் ஆலை மாதிரி அது.
இரவும் பகலும் இரண்டு ஷிப்ட்:
ஒரு கூட்டம் உடைக்கும், ஒரு கூட்டம் கட்டும்.
மாதவிடாய் நின்ற வருஷம்
மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போய்விட்டார்.
உடைக்கிறவர்களைக் கேட்பாரில்லை.

முதல் தடவையாக அவள் பேசாமல் இருந்தாள்.
சன்னலில் ஜூன் மாதச் சூரியன்,
மாலை ஐந்தரைக்கே கடையைக் கட்டியிருந்தது.

பிறகு சட்டைப் பொத்தானை
கட்டுப் போட்ட கையால் போட முயன்றுகொண்டே சொன்னாள்:
"நண்டும் ஓட்டைக் கழற்றும், தெரியுமா.
கழற்றிய பிறகு மெத்தென்று இருக்கும், பன் மாதிரி.
பாறைக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும்,
புது ஓடு இறுகும் வரை யாரும் பார்க்க முடியாது.
எனக்கு அந்த வசதி இல்லை.
திங்கள்கிழமை ஷிப்ட்."

சீட்டில் மருத்துவர் எழுதியவை:
வாரம் ஒரு மாத்திரை, வைட்டமின் டி சொட்டு,
சிகரெட் வேண்டாம்
(இந்த வரியை அவள் விரலால் மறைத்துக்கொண்டாள்),
தயிர், பாலாடைக்கட்டி,
டப்பா மீனை முள்ளோடு மென்று தின்ன வேண்டும்,
எடை தாங்கும் பயிற்சி.
"எடையா? பெட்டி ஒன்று இருபது கிலோ, நான் தாங்காத எடையா?"
முதுகை வளைக்காமல் தாங்குங்கள், என்றேன்.
பெட்டியைத் தூக்காதவன் சொல்கிற அறிவுரை.

செப்டம்பரில் மீனவர் சங்கக் கூடத்தில்
எம்பனாடா வாங்கப் போனவன் அவளைப் பார்த்தேன்.
கைக்குட்டையைச் சுழற்றி, குவேக்கா ஆடிக்கொண்டிருந்தாள்.
குதிகாலால் தரையை அறைந்த அறையில்
மேசைக் கிளாஸ்கள் நகர்ந்தன.
என்னைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்தாமல் கத்தினாள்:
"யெர்கோ! இது எடைதானே?"
எடைதான்.
தட்டுகிறவரின் குரல்தான் எலும்புக்குக் கேட்கும்.
அன்றிரவு மூன்று மாடியும் படியேறிப் போனேன்.
நான்கு நாள் ஏறினேன். ஐந்தாம் நாள் லிஃப்ட்.

இரண்டு வருஷம் கழித்து அதே மேசை, அதே வாசம்.
சிகரெட் வாசம் மட்டும் இல்லை.
மைனஸ் இரண்டு புள்ளி ஆறு.
இயந்திரம் தன் தவற்றுக்கென்று
வைத்துக்கொள்ளும் அளவுக்குள்தான் இந்த ஒரு புள்ளி;
அதையும் மறைக்காமல் சொன்னேன்.
"இறங்கவில்லையே?"
இறங்கவில்லை.
"போதும். நண்டு விலையே இறங்கிவிட்டது."

சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூலையில் கயிறு கட்டியிருந்தார்கள்.
காற்று அவள் கோட்டைப் பாய்மரமாக்கி இழுத்தது.
நண்டுக்கூண்டுக் கயிற்றால்
தாடைக்குக் கீழே இறுக்கி முடிச்சிட்ட புதுத் தொப்பி.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
அவள் சாலையைக் கடந்தாள்,
பக்கவாட்டில்,
நண்டு நடப்பது போல.