ஆதாரம்: இல்லை

பக்கிங்காம் கால்வாயில் பாதி தண்ணீர், பாதி சாம்பல்.
சடையங்குப்பம் தாண்டி
சீமைக்கருவேலம் கவிந்து இருட்டிய இடத்தில்
காலை ஆறு நாற்பதுக்கு
ஒரு குரல்.

தையல்சிட்டு இல்லை. கதிர்க்குருவியும் இல்லை.
நைட் ஷிப்ட் சட்டையோடு குத்துக்காலிட்டேன்.
கொசு கடித்தது. கடிக்கட்டும்.

உடைந்த பிளாஸ்டிக் குடத்தின் பின்னாலிருந்து
மண்பழுப்பாய் ஏதோ தத்தி வந்தது.
புருவம் வெள்ளை. வால் நிமிர்ந்திருந்தது.
திரும்பியபோதுதான்
கழுத்தில் அந்தச் சிவப்பு,
இழுத்த பீடியின் நுனி அளவு.

போனில் மூன்று படம்:
ஒன்றில் முள், ஒன்றில் என் விரல்,
ஒன்றில் குருவி இருந்த இடம்.

இறால் தடவ இறங்கிய தேசப்பன் கேட்டார்,
"என்னாத்த தேடற? செயினா?"
"குருவி."
"வெல போவுமா?"
"போவாது."
"அப்போ பொழச்சிக்கும்" என்று
இடுப்பளவு நீரில் நகர்ந்தார்.

வீட்டில், சோற்றுக்கு முன் நோட்டு.
மாணிக்கக் கழுத்தன், ஆண்.
எண்ணிக்கை: ஒன்று.
ஆதாரம்: இல்லை.
வாழிடம் என்ற கட்டத்தில்
ஓடைக்கரைக் காடு என்று எழுதினேன்,
அடித்தேன்,
ஆலைக் குழாய்க்குக் கீழே என்று எழுதினேன்,
அதையும் அடித்துவிட்டு
இடமில்லாத ஓரத்தில்
பொடி எழுத்தில் மறுபடி
காடு.