வெள்ளிக் குறி

பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்காரர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
இறங்குகிற இடம் ஒன்றுதான்.

மோட்டார் பட்டறைக்கு மேல்மாடி, தோட்டத்து ஆபீஸ்.
ஒரு விசிறி, ஒரு கம்ப்யூட்டர், நான்,
இருபத்தேழு பேர் சம்பளம்.

காட்டிலும் நிரை, திரையிலும் நிரை.
குலை வெட்டுகிறவனிடம் எண் சொல்ல வேண்டாம்.
"சாய்ந்த மரத்துக்கு அப்பால் ரெண்டாவது" என்றால்
கோலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.
கட்டங்களும் அப்படியே பழகியிருந்தன.
நாலாம் நிரையில் B1 என்று நான் எழுதியதை
அது இப்படிக் காதில் வாங்கியது:
மூன்று படி மேலே, இரண்டு படி இடப்பக்கம்.

முதல் மாதம். எழுதினேன், கீழே இழுத்தேன்.
சூத்திரம் இறங்க இறங்க விலையும் கூடவே இறங்கியது.
ஐந்தாம் நிரை சிவபாக்கியத்துக்கு மேலே வெற்றுக் கட்டம்:
ஒரு மாத வெயிலுக்குக் கூலி சுழியம்.
ஆறாம் நிரை
'வேலைநாள்' என்ற சொல்லால் டன்னைப் பெருக்கப் போய்க்
கோபித்துக்கொண்டது.
இரண்டும் கண்ணில் படுகிற பிழை.
பொல்லாதது ஏழாம் நிரை.
டன்னுக்கு இருபத்து நாலு வெள்ளி என்று
நம்பும்படி ஒரு தொகை.
வேறொன்றுமில்லை,
குப்புராஜ் அந்த மாதம் இருபத்து நாலு நாள் வந்திருந்தார்.

பிறகுதான் அந்தக் குறி.
$B$1.
அப்பா காலத்துச் சம்பளச் சீட்டில்
வெள்ளிக்கு முன்னால் நின்றது.
இன்று எங்கள் பணத்தில் அது இல்லை.
விலையைக் கட்டத்தோடு ஆணியடிக்க மட்டும்
மாதக் கடைசியில் வேலைக்கு வருகிறது.
விசையைத் தட்டினால் இரண்டு காலையும் கட்டும்.
மறுபடி தட்டினால் ஒன்றை அவிழ்க்கும்,
அப்புறம் அதைக் கட்டி இதை அவிழ்க்கும்,
நாலாம் தட்டில் ஆடு மேயப் போய்விடும்.

எல்லாம் கைவந்த திமிரில்
சொந்தமாக ஒரு செயற்கூறு எழுதினேன்.
கூலி என்று பெயர் வைத்தேன்.
மழைநாள் படி, உதிரிப் பழம், பிடித்தம்
எல்லாம் அதன் வயிற்றுக்குள்.
விலைக் கட்டத்தின் முகவரியையும்
உள்ளேயே எழுதிப் பூட்டினேன்.
வெளியே டன் மட்டும் கொடுத்தால் போதும்.
பார்க்க அழகாக இருந்தது.

டன் எல்லாம் ஏற்றி முடித்த இரவு
கோலாலம்பூரிலிருந்து கடிதம்:
நாற்பத்திரண்டு இனி நாற்பத்தைந்து.
B1-ஐ மாற்றினேன். விளக்கை அணைத்தேன்.

சம்பளத்துக்கு மறுநாள்
சுகியோனோவும் ரஃபிகுலும் மாடி ஏறினார்கள்.
ஒரே வண்டி, ஒரே முப்பத்தெட்டரை டன்,
இரண்டு சீட்டு, இரண்டு தொகை.
சுகியோனோ எதுவும் பேசவில்லை.
தலைக்கவசத்தைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினான்.
உள்ளே மார்க்கரில் 45.

ரஃபிகுலின் டன்னைக் கடைசி நிமிடத்தில் திருத்தியிருந்தேன்.
அவன் கட்டம் மட்டும் விழித்துக்கொண்டு
புது விலையைப் பார்த்திருக்கிறது.
மற்ற இருபத்தாறும் தூங்கின.
எதைக் கையில் கொடுத்தோமோ அது மாறினால்தான்
செயற்கூறு மறுபடி கணக்குப் போடும்.
உள்ளே ஒளித்து வைத்த முகவரியில்
யார் வந்தார், யார் போனார்,
அதற்கு யாரும் சொல்வதில்லை.

இப்போது விலையையும் வாசல் வழியாகவே அனுப்புகிறேன்:
முதலில் டன், நிரைக்கு நிரை நகர்கிறது.
அடுத்து $B$1, நகராது.
குறி இரண்டும் செருப்பு மாதிரி வெளியே நின்றுவிடும்.
உள்ளே போவது வெறும் நாற்பத்தைந்து.
எந்தக் கட்டத்திலிருந்து வந்தாய் என்று
அங்கே யாரும் கேட்பதில்லை.

நூற்றுப் பதினைந்து வெள்ளி ஐம்பது காசு.
சுகியோனோ எண்ணி வாங்கிக்கொண்டான்.
மீதி இருபத்தைந்து உறை மேசையில்.
B1-க்கு மஞ்சள் பூசியிருக்கிறேன்.
அவன் தலைக்கவசத்தில்
45-க்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.