துவக்கின் எதிரே

கொக்குவிலில் ரயில் போகும்போதெல்லாம்
ஒலிப்பதிவை நிறுத்திவைக்க வேண்டும்.
கலைக்களஞ்சியத்தின் பதினோராம் தொகுதிக்கு
இனுவிற் மக்களின் கடற்பனிச் சொற்கள்
என் பங்குக்கு நாற்பத்தேழு.
சொல்லுக்கு நூற்றிருபது ரூபாய்.

முதற்சொல் சிக்கு.
உறைந்த கடல் முழுவதற்கும் அதுதான் பெயராம்.
எங்களுக்கு அது தலைமயிரில் விழும்,
வலையில் விழும்,
விழுந்தால் சீப்பு முறியும்.

அடுத்தது துவக்.
கரையோடு ஒட்டி இறுகி அசையாமல் கிடக்கிற பனி.
குளிர்காலம் முழுக்க அதன்மேல்
நாய்வண்டி ஓடும், கூடாரம் நிற்கும்.
என் விரல் தன்பாட்டில் ஒரு 'கு'வைச் சேர்த்து
துவக்கு என்று அடித்துவிட்டது.
பொறுப்பாளர் சத்தியேந்திரா சிரித்தார்.
அழித்தேன்.

கினு: கஞ்சிபோல் குழைந்தது,
படகும் போகாது, காலும் நிற்காது.
கஞ்சி என்றால் அறிவியல் இல்லையாம்.
'குழைபனி' போடு என்றார்.
போட்டேன்.

பதிவில் பேசுகிறவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.
புதுப்பனியில் போகிறவன்
ஒவ்வோர் எட்டுக்கும் முன்னால்
ஈட்டியால் குத்திப் பார்க்க வேணும் என்கிறாள்.
ஒரே குத்தில் இறங்கினால் திரும்பு.
மூன்று குத்துத் தாங்கினால் நட.

அந்த இடத்தை
ஐந்து தரம் திருப்பிக் கேட்டேன்.

முகமாலையில் நாலு வருசம்
முழங்காலில் நின்று
சாய்த்துப் பிடித்த கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி
நாளைக்கு நாலைந்து மீற்றர் போனவள் நான்.
பார்த்தால் எல்லாம் ஒரே மண்.
எருக்கலை பூத்திருக்கும்.
மாடு படுத்தெழும்பின தடமும் இருக்கும்.
எங்களிடமும் சொற்கள் இருந்தன:
ஊறின மண், செத்த மண்,
'ணக்' என்கிற மண், 'டொக்' என்கிற மண்.
யாரும் பதிவுசெய்ய வரவில்லை.
படிவத்தில் கட்டம் இரண்டுதான்,
துப்புரவானது, துப்புரவாகாதது.
தவரஞ்சினி கடைசியாகச் சொன்னது
"வேர்தானடி."

அட்டவணையின் இறுதி நிரலில்
ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும்.
வேற்றுமை உருபு சேர்த்ததும்
அழித்த எழுத்து திரும்பி வந்து குந்திவிட்டது.
இலக்கணப்படி சரிதான்.
'பிள்ளைகள் துவக்கின்மேல் விளையாடுகிறார்கள்.'

சத்தியேந்திரா இரண்டு தரம் வாசித்தார்.
இந்த முறை சிரிக்கவில்லை.
"வேற வசனம் யோசி" என்றுவிட்டு
தேத்தண்ணிக்கு எழும்பிப் போனார்.

யாழ்தேவி வந்தது. பதிவை நிறுத்தினேன்.
தரை அதிர்ந்தது.
மேசைக்கடியில் செருப்பைத் தேடின கால்
சீமெந்தை
முதலில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தது.

இன்னும் நாற்பத்துநாலு சொல்.