யாருக்கும் பிடிக்காமல் போகாத நிறம்

முலுண்ட் ஸ்டேஷன் எதிரே பெயின்ட் கடை.
சேட் விசிறிபோல் விரித்த அட்டையில்
நான் ஒரு நீலத்தில் விரல் வைத்தேன்.
செல்வின் கடுகு மஞ்சளில்.
இரண்டு விரலையும் பார்த்துவிட்டு அவர்
கடைசிப் பக்கத்துக்குப் போனார்:
"இதை எடுங்க. சண்டையே வராது."

சாம்பலும் இல்லை, பழுப்பும் இல்லை.
நேற்று வடித்த கஞ்சியில்
ஆடை படிந்த நிறம்.
அட்டையில் அதற்குக் கடற்கரை மணல் என்று பேர்.
எந்தக் கடற்கரை என்று கேட்டேன்.
"தாதர் இல்லை, அது மட்டும் நிச்சயம்" என்றான் செல்வின்.
நாளைக்கு விற்றாலும் விலை போகும் என்றான்.
இருபது வருடக் கடனில்
பதினோராவது மாதம் அது.

ராம்சூரத் சுரண்ட ஆரம்பித்தார்.
முன்பிருந்தவர்களின் பிஸ்தாப் பச்சை உதிர்ந்தது.
அதன் அடியில்
கல்யாணப் பத்திரிகை ரோஜா.
அதற்கும் அடியில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில்,
உள்ளங்கை அளவுக்கு
யாரோ ஒருவரின் கத்திரிப்பூ.
இந்தப் பத்துக்குப் பன்னிரண்டில்
ஆளாளுக்கு எதையோ ஆசைப்பட்டிருக்கிறார்கள்.
ஆணித் துளைகளையும் சேர்த்து
எல்லாவற்றின் மேலும் பட்டி பூசினார்.

மே முடிவதற்குள் இரண்டு கோட்.
உப்புத்தாள் தூசு
மூடியிருந்த மிளகாய்ப்பொடி டப்பாவுக்குள்ளும்.
வந்தவர்கள் எல்லோரும்
ரொம்ப நன்றாயிருக்கிறது என்றார்கள்,
சோபாவைப் பார்த்து.
வீடியோ காலில் மாமியார் மட்டும்,
"எப்பம்மா பெயின்ட் அடிக்கப் போறீங்க?"

ஜூன் முதல் வாரம்
எதிர் பில்டிங் ஒழுகுகிறதென்று
மூங்கில் கட்டி
மொட்டை மாடியிலிருந்து தரைவரைக்கும்
தார்ப்பாய் போர்த்தினார்கள்.

மறுநாள் காலை
குக்கர் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன்.
சுவர் நீலமாக இருந்தது.

நான் விரல் வைத்த நீலம் இல்லை.
அதைவிட மட்டம், பக்கெட் நீலம்.
காற்றடித்தால் சுவர் லேசாக அசைந்தது.
என் முழங்கை, தலையணை உறை, டீ மேல் ஏடு
எல்லாவற்றிலும் கொஞ்சம்.
மூன்றாவது விசில் எப்போது போனதென்று தெரியவில்லை.

ஷூ லேஸ் கட்டிக்கொண்டே
நிமிர்ந்தான் செல்வின்.
"ஏமாத்திட்டான் பாரு, அந்த ஆளு."

ராம்சூரத் ஞாயிற்றுக்கிழமை நனைந்துகொண்டு வந்தார்.
சுவரைத் தட்டினார்.
நகத்தால் கீறி, முகர்ந்தார்.
பிறகு போய் ஜன்னல் திரையை இழுத்தார்: கஞ்சி.
விட்டார்: நீலம்.
இன்னொரு தரம் இழுத்தார், எங்களுக்காக.
"என் வேலை சரியாத்தான் இருக்கு சாப்,
தார்ப்பாய்க்காரனைக் கூப்பிடுங்க."
ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இனிமேல் திரை போட்டே இருக்கட்டும் என்றான் செல்வின்.
அக்டோபரில் கழற்றிவிடுவார்கள் என்றேன்.
அது பதில் இல்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

எட்டு பதினெட்டு ஃபாஸ்டுக்கு அவன் போனதும்
திரையை ஓரம்வரை ஒதுக்கி
துணி உலர்த்தும் கிளிப்
ஒன்று போதாமல் இரண்டு மாட்டினேன்.

பத்து மணி மீட்டிங்கில்
புனேயிலிருந்து ஒரு குரல்:
"பின்னாடி நல்ல நீலம். நீங்க தேர்ந்தெடுத்ததா?"

ஆமாம் என்றேன்.
மைக் மூடியிருந்தது.