நாலாவது புரூஃப்

தக்கலை, மேட்டுக்கடை இறக்கத்தில்
இரண்டு கம்ப்யூட்டர், ஓர் ஆஃப்செட் மெஷின்.
மூன்று வாரமாக என் திரையில் ஓர் அறிக்கை.
எண்பத்தாறு பக்கத்தில்
தகராறு முழுக்க ஒரு பக்கத்தில்தான்:
பின்னிணைப்பு மூன்று.

முதல் புரூஃபில் தலைப்பு
'வெறுப்பு அமைப்புகள்'.
இருபத்திநாலு பாயிண்ட், தடித்த எழுத்து.
கீழே ஏழு பெயர்.

குழு எங்கள் அச்சகத்திலேயே
காகிதக் கட்டுகள்மேல் உட்கார்ந்து பேசியது.
விலங்கியல் மீரான் பிள்ளை சார்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"வாலைப் பார்த்து இனம் சொல்ல முடியாது.
எலும்பு வேணும், பல் வேணும்.
அளவுகோலை முதல்ல எழுதுங்க,
பேரைப் பிறகு எழுதலாம்."
வக்கீல் பிரிசில்லா விடவில்லை:
"கடிச்சது தெரியுது சார்.
பல்லை எண்ணிட்டுத்தான் மருந்து போடணுமா?"
தன் பெயர் எங்கும் வரக்கூடாதென்று
கேட்டுக்கொண்ட மூன்றாமவர்
டீ கிளாஸைக் கீழே வைத்தார்.
"பட்டியல்ல சேத்தா அதையே ஃபிரேம் போட்டு மாட்டி
நன்கொடை வாங்குவான்.
நம்ம பேரும் வேற யாரோ பட்டியல்ல கெடக்கு,
தெரியும்லா?"

இரண்டாவது புரூஃப்:
'வெறுப்பைப் பரப்பும் அமைப்புகள்'.
மூன்றாவது:
'வெறுப்பைப் பரப்புவதாகக் கூறப்படும் சில அமைப்புகள்'.
தலைப்பு நீள நீள
ஒரு வரியில் அடங்கட்டுமென்று
எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தேன்.
ஏழு பெயர் ஐந்தானது.
ஒன்று, பேர் மட்டும் ஒத்துப்போன வேறு மன்றம்.
திக்கணங்கோட்டில் கேரம் ஆடுகிறவர்கள், பாவம்.
வரிசை எண் நான்கு மட்டும் நகரவேயில்லை.

நான்கை எனக்குத் தெரியும்.
ஒக்கி அடித்த மறுநாள்
வேர்க்கிளம்பி ரோட்டில் சாய்ந்துகிடந்த ரப்பர் மரங்களை
அறுத்துத் தள்ளி வழி விட்டவர்கள்.
ஆசாரிபள்ளத்தில் தங்கச்சிக்கு ரத்தம் நிற்காதபோது
அவர்கள் அனுப்பிய ஓ நெகட்டிவ் பையன்
பைக்கை ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு
ஓடி வந்தான்.
அட்டவணையில் இதற்குக் கட்டம் கிடையாது.
நான் கேட்கவும் இல்லை.

நான்குக்கு ஆதாரம் ஒரு நோட்டீஸ்.
ஸ்கேன் செய்து ஒட்டச் சொன்னார்கள்.
'. . . . . . களுக்கு
வாடகைக்குக் கடை கொடுக்காதீர்!'
அந்த முதல் சொல்லை இங்கே எழுத மாட்டேன்.
எழுதாவிட்டாலும் நீங்கள் ஒன்றைப் போட்டுத்தான்
வாசித்திருப்பீர்கள்.
அது நீங்கள் போட்டது.

நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர் இல்லை.
"யாரு அடிச்சதுன்னே தெரியலியே" என்றார் வக்கீல்.
முதலாளி ஞானசிகாமணி ரீம் எண்ணிக்கொண்டிருந்தார்.
எண்ணினதையே திரும்ப எண்ணினார்.

செயலாளர் கொண்டுவந்த கைப்பிரதியில்
'வாடகைக்கு கடை' என்றுதான் இருந்தது.
நான்காம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும்.
பிழை பொறுக்காத கை.
ஒரு 'க்' போட்டேன்.
"இப்பம் நிமிந்து நிக்கி, கேட்டியா மக்ளே" என்று மெச்சினார்.
ஆயிரம் பிரதி.
ஆயிரம் 'க்'.

எதிர்ச் சாரி மிக்ஸி ரிப்பேர் கடை
ஆடியில் மூடியது.
கட்டடக்காரருக்கு வெறுப்பெல்லாம் இல்லையாம்,
பயம்தானாம்.
பயத்துக்கென்று யாரும் பின்னிணைப்பு போடுவதில்லை.
என் மிக்ஸி இன்னும் அந்த ஷட்டருக்குள்ளே.
சீட்டு எண் 212.
சீட்டிலுள்ள போன் அணைந்தே கிடக்கிறது.

நாலாவது புரூஃப் இன்று காலை வந்தது:
'கவனத்துக்குரிய அமைப்புகள்'.
பச்சை மையில் மீரான் பிள்ளை சார்,
'அளவுகோல் எங்கே?'
சிவப்பில் பிரிசில்லா,
'வெறுப்பு எங்கே போச்சு?'
இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
காகிதம் கிழிந்திருக்கிறது.

சாயங்காலத்துக்குள் திருத்தி அனுப்ப வேண்டும்.
வரிசை எண் நான்கு, கடைசிக் கட்டம்:
'அச்சிட்டவர்: தெரியவில்லை'.
கர்சர் அங்கேயே துடிக்கிறது.
மூன்று முறை வாசித்துவிட்டேன்.
இலக்கணப்படி
அதில் பிழை எதுவும் இல்லை.